மருந்துக்கு வாங்கிய பிடில்

போன மாதம் எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. குழந்தைகளின் மூளை வளர விளையாட்டு எப்படி உதவுகிறது என்று ஒரு டாக்டர் வந்து பேசினார். சுவரில் மூளைப் படமெல்லாம் போட்டுக் காட்டினார். ஓடும்போதும், ஒளியும்போதும், சண்டை போட்டுக்கொண்டு சமாதானமாகும்போதும் பிள்ளைகளின் மண்டைக்குள்ளே நரம்புக்கும் நரம்புக்கும் பாதை விழுகிறதாம். நல்ல மனுஷர், சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. முன்வரிசைப் பெற்றோர்கள் பூசைப் பிரசங்கம் கேட்பது போல வாயைப் பிளந்து கேட்டார்கள். முடிந்ததும் ஒரு தகப்பன் எழுந்தான். "சார், தினம் எத்தனை நிமிஷம் விளையாட விட்டாப் போதும்? எந்த விளையாட்டுக்கு மார்க்கு ஏறும்னு டைம்டேபிள் மாதிரி போட்டுக் குடுத்தீங்கன்னா சௌகரியமா இருக்கும்" என்றான்.

எனக்கு வந்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் திரும்பி முறைத்தாள். முறைத்தால் முறைக்கட்டும். ஆயுசில் பாதியைப் பாலர் வகுப்பு டீச்சராகப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டே கழித்தவள் நான். இந்தத் தகப்பன் சாதியை எனக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். கிரீடம் வைக்காத குறையாக அந்தச் சாதிக்கு ராஜாவாக இருந்த ஒருவருடைய வீட்டில்தான் நான் பிறந்தேன்.

சொல்வது முப்பதுகளின் கதை. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர்கள், மேற்கே நாங்கள். அப்பா கடலோரத்துச் சுங்கக் கச்சேரியில் எழுத்தர். உடம்பு வாய்க்காலுக்கு மேற்கே படுத்துத் தூங்கும், மனசு கிழக்கே நடமாடும். அவருடைய பிரெஞ்சு முழுக்க முழுக்கக் காகிதத்தில் கற்ற பிரெஞ்சு. சாராயப் பீப்பாய்க்கும் அரிசி மூட்டைக்கும் என்ன தீர்வை என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவார். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை எதிரே வந்து பசிக்கிறது என்று சொல்லியிருந்தால் பேந்தப் பேந்த முழித்திருப்பார்.

எனக்கு ஐந்து வயது நடக்கையில் தம்பி பிறந்தான். ஆண் பிள்ளை. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் காய்வதற்குள் அப்பா அவனை மனசுக்குள் கவர்னருக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்துவிட்டார். நான் பெட்டைப் பிள்ளை. என் மூளையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அது என் பாக்கியம். வீட்டுக்குப் பின்னால் ஆலைத் தொழிலாளிகள் குடியிருந்த சந்து ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் புகுந்து கில்லி, பாண்டி, கண்ணாமூச்சி என்று இருட்டும்வரை ஆடுவேன். யாரும் தேடமாட்டார்கள். தம்பியை மட்டும் தேடவே வேண்டியதில்லை. எந்நேரமும் பிரம்பு நாற்காலியில்தான் இருப்பான்.

நடை பழகிய நாளிலிருந்து அந்த நாற்காலிதான். கால் தரையில் எட்டாது. எதிரே அப்பா உட்கார்ந்து பிரெஞ்சு வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார், அவன் திருப்பிச் சொல்வான். தொடுவதும் ஓடுவதும் எறிவதும் புத்தியைக் கரையான் மாதிரி அரித்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். ஓடுகிற பிள்ளைக்கு ரத்தம் காலுக்கு இறங்கிவிடுமாம், தலைக்கு மிஞ்சாதாம். எந்த வைத்தியன் சொன்னான் என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

பிரெஞ்சில் "சாழ்" என்று ஒரு சொல் உண்டு. நாற்காலியை விட்டு அசையாத தம்பியைப் பார்த்து, கச்சேரிக்கு வந்துபோகும் வெள்ளைக்காரத் துரை ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். சமர்த்தாக வாயை மூடிக்கொண்டு இருக்கிற குழந்தையை அப்படிச் சொல்வது அவர்கள் வழக்கம். எங்கள் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் வகுப்பில் பேசாமல் இருந்தால் எங்களையும்தான் அப்படிச் சொல்வார்கள். அப்பா அகராதியைப் புரட்டினார். "சாழ்: ஞானி" என்று போட்டிருந்தது. தொலைந்தது கதை! நாலு வயசுப் பையனை வெள்ளைக்காரத் துரையே ஞானி என்று சொல்லிவிட்டதாக மாதா கோயில் வாசலில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூக்கு ஒழுகுகிற ஞானி! மூக்கைச் சிந்தத் தெரியாத ஞானி!

அந்த ஞானியை ஐந்து வயதில் எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரீச் சகோதரிகளின் பாலர் வகுப்பில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாவது வாரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயர் என்ன என்று கேட்டால் "பெயர் என்ன" என்றுதான் திருப்பிச் சொல்வானாம். பந்தை உருட்டிவிட்டால் பார்த்துக்கொண்டே இருப்பானாம். மற்ற பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடுவானாம். "பையன் பின்தங்கியிருக்கிறான், மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று தலைமைச் சகோதரி சொல்லி அனுப்பினார்.

வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, செய்தி தெரிந்ததும் வந்துவிட்டார். சைகோனில் பிரெஞ்சு சர்க்காருக்கு உழைத்துப் பென்ஷன் வாங்கி ஊர் திரும்பியவர். சைகோனைப் பார்த்துவிட்டதால் உலகத்தில் தமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவருக்கு எண்ணம். வெயிலோ மழையோ கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. தம்பியின் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"மந்தம்டா தம்பி. பொறவி மந்தம். சைகோன்ல எத்தினியோ பாத்துட்டேன்" என்றார் அப்பாவிடம். "காரைக்கால்ல எனக்குத் தெரிஞ்ச மடம் ஒண்ணு இருக்குது. இந்த மாதிரிப் புள்ளைங்கள வெச்சிக் கஞ்சி ஊத்தறாங்க. உட்டுட்டு வந்துடலாம். ஒனக்கும் ஊருக்குள்ள தலை நிமுந்து நடக்கணுமில்ல?"

அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு அண்ணனான மூத்தார் முகத்துக்கு நேரே பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவர் இருக்கிற பக்கம் தலையைக்கூட நீட்டமாட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஐந்து வயசுப் பிள்ளையைப் பெற்றவர்கள் இருக்கும்போதே அநாதையாக்கிக் காரைக்காலில் கஞ்சிக்கு விடப்போகிறார்கள். முதலில் வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டிவிடுவோம், அப்புறம் காரைக்கால் என்று முடிவாயிற்று.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். தம்பி என் பாவாடையை விடாமல் பிடித்துக்கொண்டதால் கூட்டிப்போனார்கள். டாக்டர் தாடிக்காரர், பெரிய தொந்தி. மாரில் குழாய் வைத்துப் பார்த்தார், காதுக்குள் பார்த்தார், முட்டியில் தட்டினார். பிறகு மேசைமேல் இருந்த ஒரு தீப்பெட்டியை எடுத்து, "ஷுக் ஷுக் ஷுக்" என்று வாயால் சத்தம் போட்டபடி மேசை விளிம்போடு ரயில் ஓட்டினார். ஓட்டிக்கொண்டே வந்து தம்பியின் மூக்குக்கு நேரே நிறுத்தி, "கூ!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி சிரிக்கவில்லை. தீப்பெட்டியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். முதுகை நிமிர்த்திக்கொண்டு, "செத் உய்ன் புவாத்" என்றான். இது ஒரு பெட்டி என்று அர்த்தம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சரியான உச்சரிப்பு! டாக்டர் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

வீட்டில் என்ன செய்கிறான், யாரோடு இருக்கிறான் என்று கேட்டார். நாற்காலி மகாத்மியத்தை அப்பா பெருமையாகவே சொன்னார். டாக்டருக்கு முகம் சிவந்து போயிற்று. மேசையை உள்ளங்கையால் தட்டி, "ஃபெத் லெ ழுவே!" என்று கத்தினார். "தூ லே ழூர்! தினந்தோறும்! ழுவே, ழுவே, ழுவே!"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ழுவே" என்றால் விளையாடு. எங்கள் பள்ளியில் மணி அடித்ததும், "ஸேர்" என்று நாங்கள் கூப்பிடும் சகோதரி கதவைத் திறந்து சொல்கிற வார்த்தை அதுதான். எழுத்துக் கூட்டத் தெரியாத வாண்டுக்கும் அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தை தெரியும். பிள்ளையை விளையாட விடு என்கிறார் டாக்டர்! இவ்வளவுதானா வியாதி! வீடு வரைக்கும் தம்பியை இழுத்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "கேட்டுக்க. தொக்தேர் மருந்து சொல்லிட்டாரு. சாதா மருந்து இல்ல. சங்கீத வைத்தியம். பையன் தெனம் வாத்தியம் வாசிக்கணுமாம். நாளைக்கே ஒரு பிடில் பாக்கறேன்" என்றார்.

பிரெஞ்சுக்காரனுக்கு விளையாடுவதற்கும் வாத்தியம் வாசிப்பதற்கும் ஒரே வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கவர்னர் மாளிகைக்கு எதிரே பூங்காவில் பாந்து வாத்தியக் கோஷ்டி வாசிக்கும் என்று சர்க்கார் கெஜட்டில் அறிவிப்பு வருமே, அதிலும் இதே "ழுவே"தான். அப்பா காகிதத்தில் பார்த்த "ழுவே" அது ஒன்றுதான். மணி அடித்து யாரும் அவரை வெளியே ஓட விட்டதில்லை போலிருக்கிறது.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள், என் வாய் கன்னத்தில் அறை வாங்கத்தான் போகும். "இல்லப்பா, ழுவேன்னா வெளையாடறதுப்பா. எங்க ஸேர் தெனம் சொல்லுவாங்க" என்றேன்.

அப்பா அகராதியைக் கொண்டுவந்தார். அதில் வரிசையாகப் போட்டிருந்தது: விளையாட, ஆட, சூதாட, வாத்தியம் வாசிக்க. அவருடைய விரல் முதல் மூன்றையும் தாண்டிப் போய் நாலாவதில் நின்றது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! "சீமையில படிச்சிட்டு வந்த தொக்தேரு, கவர்மெண்ட் சம்பளம் வாங்கற தொக்தேரு, எம் புள்ளைய கோலி ஆடச் சொல்லுவானா? சூது ஆடச் சொல்லுவானா? ஒனக்கு எவ்ளோ திமிருடி!" என்று ஓர் அறை விட்டார். காது இரண்டு நாள் கிண்ணென்றிருந்தது. அந்தக் காதில் இன்றைக்கும் எனக்குப் பெரிய மனுஷர்களின் பேச்சு சரியாக ஏறுவதில்லை.

பிடில் வந்தது. பாந்தில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரே அதையும் விற்று, வாத்தியாராகவும் வந்து சேர்ந்தார். வரும்போதே சாராய வாசனை அவருக்கு முன்னால் வரும். தம்பியின் தாடைக்கடியில் பிடிலைச் செருகிவிட்டு, தாம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தம்பி வில்லை இழுப்பான். பூனையின் வாலை யாரோ மிதித்துக்கொண்டே இருப்பது போல ஒரு சத்தம். அப்பா காலையில் ஒரு கச்சேரிக்குப் போவார், சாயங்காலம் வீட்டில் இன்னொரு கச்சேரி வைப்பார். அக்கம்பக்கத்தார் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள். தம்பி மட்டும் தப்பிக்க வழியில்லாமல் அதே நாற்காலியில், அதே தொங்கும் கால்களோடு இருந்தான். முன்பாவது சொன்னதைத் திருப்பிச் சொல்வான். பிடில் வந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

பெரியப்பா வந்து பார்த்தார். "மருந்து புடிக்கல. கல்லறைத் திருநாள் கழியட்டும், காரைக்காலுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அந்த வெள்ளக்காரன் மெய்யா என்னாடி சொன்னான்? மாதா மேல ஆணையா சொல்லு."

"வெளையாட உடச் சொன்னாரும்மா. தெனம் தெனம் வெளையாட உடச் சொன்னாரு. மேசையத் தட்டிச் சொன்னாரு."

அம்மாவுக்கு ஓர் எழுத்து பிரெஞ்சு தெரியாது. கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டாள். கழுவாத கையோடு நாற்காலிக்குப் போய், தம்பியை இரண்டு கக்கத்திலும் பிடித்துத் தூக்கிக் கீழே நிறுத்தினாள். "சந்துக்குக் கூட்டிக்கினு போ. வாத்தியாரு வர்றதுக்குள்ள வந்துடு. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் ஒத, பரவால்ல" என்றாள்.

விளையாட விட்டதும் பிள்ளை பூவாகப் பூத்துவிட்டான் என்று கதை விடமாட்டேன். அதெல்லாம் பொம்மை விற்கிறவர்கள் பெட்டியில் அச்சடிக்கிற பொய். தம்பிக்கு விளையாடவே தெரியவில்லை. சந்தில் கொண்டுபோய் விட்டால், விட்ட இடத்தில் நின்றான். கோலியைக் கையில் கொடுத்தால் மூடிய கையைத் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். சந்துப் பிள்ளைகளுக்குத் தலைவி என் வயசுப் பெண் ஒருத்தி. அவள் அப்பா ஆலையில் நூல் நூற்பவர். அவள் வாய்க்கு அந்த ஆலைச் சங்கே அடங்கிப்போகும். தம்பியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"என்னாடி இது, சாமி சொரூபமா? தேர்ல வெச்சி இழுக்கலாம் போல" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "சரி, நிக்கத்தான தெரியும்? நிக்கட்டும். இவன்தான் மரம். மரத்தைத் தொட்டுட்டா ஆரும் புடிக்கக் கூடாது."

கண்ணாமூச்சியில் ஓடிவந்து தொடுவதற்கு அதுவரை ஒரு முருங்கை மரம் இருந்தது. அன்றிலிருந்து தம்பி மரமானான். சந்தின் நடுவே நிற்பான். நாலு பக்கமிருந்தும் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடிவந்து அவன் வயிற்றிலும் முதுகிலும் அறைந்து, "தொட்டாச்சு!" என்று கத்தும். முதல் நாள் நடுங்கினான். சில நாளில் நடுக்கம் நின்றது. பிறகு, யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று தலையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினான். அம்மா கேட்பாள், இன்னைக்கு என்ன பண்ணான் என்று. மரமா நின்னாம்மா என்பேன். அவள் முகம் வாடிவிடும்.

ஒருநாள் சந்திலேயே பொடியான வாண்டு ஒன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது. பின்னாலேயே தலைவி. கை நீட்டினால் பிடித்துவிடுவாள். மரத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அப்போது மரம் நகர்ந்தது. தம்பி தானாக முன்னால் போய் வாண்டின் கைக்கு வாகாக வயிற்றைக் காட்டி நின்றான். "தொட்டாச்சு!"

"ஏய், மரம் நடக்குமாடா? அழுகுணி ஆட்டம்!" என்று தலைவி குதித்தாள். சந்தே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. நடுவில் நின்ற மரம் சிரித்தது. தம்பி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பாலர் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன், எத்தனையோ இன்ஸ்பெக்டர் துரைகளும் வந்து மூளையைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்துவிட்டார்கள். அந்த நகர்ந்த மரத்தில் இருந்த மூளை அவர்கள் ஒருவர் பேச்சிலும் இருந்ததில்லை. வாண்டுக்குப் பயம் என்று அவன் கண்டுகொண்டான், தான் நகர்ந்தால் அது பிழைக்கும் என்று கணக்குப் போட்டான், சட்டத்தை வளைத்தால் சண்டை வரும் என்று தெரிந்தே வளைத்தான். இதற்குமேல் பாரீசில் போய் என்ன படிக்க வேண்டும்?

அதற்குப் பிறகு சிறுகச் சிறுக வார்த்தை வந்தது. தள்ளு, வா, எனக்கு, மாட்டேன். "மாட்டேன்" வந்த அன்று அம்மா அவனுக்குச் சர்க்கரை அள்ளிக் கொடுத்தாள். எல்லாம் சந்தில்தான். அப்பா வந்துவிட்டால் பழைய கட்டைதான், பழைய நாற்காலிதான். அப்பா முன்னால் அவன் வாய் திறக்கவில்லை. காரைக்கால் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் சொல்லிவிடலாமே என்றேன். "சொன்னா சந்துக் கதவ ஆணி அடிச்சி மூடிடுவாருடி. அப்பறம் அதுவும் போயிடும்" என்று அம்மா அழுதாள்.

கல்லறைத் திருநாள் வந்து போயிற்று. அந்த வாரம் அடைமழை. வாய்க்கால் நிரம்பிச் சந்துக்குள் முழங்கால் தண்ணீர். மறுநாள் காலை ரயிலுக்குப் பெரியப்பா தம்பியைக் கூட்டிப்போக வேண்டும். சாயங்காலமே வந்து எங்கள் வீட்டில் தங்குவதாகச் சொல்லியிருந்தார். அம்மா காலையிலிருந்து ஒருவாய்ச் சோறு உண்ணவில்லை. தம்பி தனக்கு நடக்கப்போவது ஒன்றும் தெரியாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே பிள்ளைகள் தென்னம்பாளையில் படகு விட்டுக்கொண்டிருந்தன. நாங்களும் இறங்கிப் போனோம், எங்களுக்குப் பாளை கிடைக்கவில்லை. "போடி, கப்பல் இல்லாதவங்க கரையில நில்லுங்க" என்று தலைவி விரட்டிவிட்டாள். தம்பி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான். பிடிலைக் கட்டி அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். தண்ணீரில் மல்லாக்க வைத்தான். வில்லை எடுத்துத் துடுப்புப் போட்டான். "ஷுக் ஷுக்" என்றான். அப்புறம் நிறுத்தி, தண்ணீரைப் பார்த்து, "இல்ல, இது கப்பலு" என்று தன்னையே திருத்திக்கொண்டான்.

அந்தப் பாழாய்ப்போன பிடில் மிதந்தது! கம்பீரமாக மிதந்தது! பாளைகளெல்லாம் அதற்கு முன்னால் தூசு. சந்தே ஓவென்று கத்தியது. நான் தடுத்திருக்க வேண்டும் என்பீர்கள். எதற்குத் தடுக்க வேண்டும்? ஒரு தீப்பெட்டியை ரயில் என்று நினைக்க வேண்டுமென்றால் ஒரே மண்டைக்குள் இரண்டையும் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், இது பெட்டியும்தான், ரயிலும்தான் என்று. எழுத்தும் அப்படித்தான். கோணல் மாணலாக ஒரு கோடு போட்டு "அ" என்கிறோமே, அது கோடுதானே ஐயா! அதை ஓசை என்று பாசாங்கு செய்யத் தெரிந்த பிள்ளைக்குத்தான் படிப்பு வரும். பாசாங்கு தெரியாத பிள்ளையை நாற்காலியில் ஆணி அடித்து வைத்தாலும் வராது. தம்பிக்கு அன்று வந்துவிட்டது.

பிடில் வயிற்றில் இருந்த துளை வழியே தண்ணீர் புகுந்து கொஞ்ச நேரத்தில் அது மூழ்கத் தொடங்கியது. தூக்கியபோது கோந்து விட்டு மேல்பலகை தனியாக வந்துவிட்டது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து தரையில் வைத்தோம். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். வாசலில் அப்பாவின் குரலும் பெரியப்பாவின் குரலும் சேர்ந்தே கேட்டன.

பெரியப்பா சொட்டச் சொட்டக் குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அப்பா தரையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவே பயமாயிருந்தது. "யாரு? யாரு செஞ்சது?" என்றார். பிரம்பை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். இந்த மாதிரிக் காரியம் செய்ய அந்த வீட்டில் வேறு யாருக்கு மூளை இருக்கிறது என்பது அவர் நினைப்பு.

தம்பி முன்னால் வந்து நின்றான்.

"மீனு" என்றான்.

"என்னாது?"

"பெரிய மீனு. வாய்க்கால்லருந்து வந்துச்சு. நடந்து வந்துச்சு. பிடில் சத்தத்துல தூக்கமே வர்லன்னு சொல்லிச்சு. குடுடான்னு கேட்டுச்சு. நான் குடுக்க மாட்டேன்னேன். புடுங்கிச்சு. கடிச்சிப் பாத்துச்சு. நல்லா இல்லன்னு துப்பிட்டுப் போயிடுச்சு."

அத்தனை நீளமாக அவன் பேசி அப்பா கேட்டதே இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்காத வார்த்தைகளைப் பேசியும் கேட்டதில்லை.

"பொய்!" என்று பெரியப்பா கத்தினார். "பச்சைப் பொய்! அஞ்சு வயசுல என்னா பொய் பேசறான் பாருடா! போடு ரெண்டு!"

அப்பா பிரம்பை ஓங்கினார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து ஏறிட்டுப் பார்க்காத மூத்தாரின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"மாமா, மந்தப் புள்ளைக்குப் பொய் வருமா?"

பெரியப்பா வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க மாமா. சைகோன்லாம் பாத்தவரு நீங்க. இல்லாத மீன உண்டாக்கி, அத நடக்க வெச்சி, அதுக்குத் தூக்கத்தையும் கெடுத்து, துப்பறதுக்கு வாயும் வெச்சிருக்கான். எந்த மந்தம் இப்டிப் பொய் சொல்லி நீங்க பாத்திருக்கீங்க? மந்தம்னு சொல்லி இவன இழுத்துக்கினு போறதா இருந்தா, மொதல்ல இவன் சொன்னது மெய்யின்னு சொல்லுங்க. பொய்யின்னா எம் புள்ள எங்கியும் வர மாட்டான்."

பெரியப்பா மாட்டிக்கொண்டார். மெய் என்றால் மீன் நடந்து வந்ததாக ஆகிறது, பொய் என்றால் காரைக்கால் போயிற்று. சைகோனில் இதற்கெல்லாம் பதில் கற்றுக்கொடுக்கவில்லை போலும். அப்பாவின் பிரம்பு ஓங்கிய இடத்திலேயே நின்றது. அவர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாக வீட்டுக்குள் வந்துவிட்ட யாரையோ பார்ப்பது போல.

அம்மா அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டாள். ஈரத் தரையில் தம்பிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. குரல் மட்டும் சந்துப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"அப்பறம்? துப்பிட்டு அந்த மீனு எங்க போச்சு?"

தம்பி பிரம்பைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினான். அவன் எதையோ தேடி, தேர்ந்தெடுத்து, எடுப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் விரலை நீட்டினான்.

"அந்தக் குடைக்குள்ள பூந்துக்கிச்சு."

சைகோன் வரைக்கும் கப்பலேறிப் போய்வந்த பெரியப்பா, கதவோரம் போய், குனிந்து, குடைக்குள் பார்த்தார்.

மறுநாள் ரயிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.